கால் வந்தது, கை ஏன் வரவில்லை?

பக்கவாதம் வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள், கொண்டுவந்த சாத்துக்குடியை மேசையில் வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: “கை வந்துச்சா?”

அடையாறு காந்தி நகரில் என் சித்தப்பா வீட்டில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டேனோ, கணக்கில்லை. ஒரு விடியற்காலையில் அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பத்து நாள் மருத்துவமனை. மூன்றாம் வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போனார். ஆறாம் வாரம் சித்தியின் துணையோடு தெருமுனை வரை. கால் வந்துவிட்டது. கை மட்டும் முழங்கை மடங்கி, விரல்கள் உள்ளே சுருண்டு, வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. அதுவும் சோற்றுக்கை. சாப்பிடும்போது யாராவது வந்துவிட்டால் தட்டைத் தள்ளிவைத்துவிடுவார். இடக்கையில் ஸ்பூன் பிடிப்பதை யாரும் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

இதே கதையைச் சொல்லாத குடும்பம் குறைவு. ஒரே நாளில், ஒரே அடைப்பில் விழுந்த கையும் காலும்தானே? கால் முந்திக்கொள்வதும் கை பின்தங்குவதும் ஏன்? இதற்குள்ளேயே இன்னொரு புதிரும் இருக்கிறது. மூளையில் செத்த செல்கள் மீண்டும் முளைப்பதில்லை என்கிறார்கள். அப்படியானால் திரும்பி வந்த கால் எங்கிருந்து வந்தது?

கையில் ஒரு குறையும் இல்லை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பக்கவாதத்தில் கைக்கு ஒன்றும் ஆவதில்லை. எலும்பு, தசை, தசைக்குப் போகும் நரம்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டதால் அல்லது வெடித்ததால், கைக்குக் கட்டளை இடும் இடம் பாழாகிறது. வலப்பக்க உடம்பை இடப்பக்க மூளை ஆள்கிறது என்பதால் சித்தப்பாவுக்குச் சேதம் இடப்பக்க மூளையில்.

அந்தக் கட்டளை இடத்தின் வரைபடத்தை மான்ட்ரியலில் அறுவைச் சிகிச்சை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்ட் தீட்டினார். வலிப்பு நோயாளிகள் விழித்திருக்கும்போதே அவர்களுடைய மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எங்கே தொட்டால் எது அசைகிறது என்று குறித்துக்கொண்டே போனார். 1937-ல் வெளியான அந்தக் கணக்கில் கைக்கும் முகத்துக்கும் ஒதுக்கியிருந்த இடம் மிகப் பெரியது. முதுகு முழுவதற்கும் உள்ள இடத்தைவிடக் கட்டைவிரலுக்கு உள்ள இடம் அதிகம்.

கையின் பகுதி மூளையின் வெளிப்பக்கவாட்டில் இருக்கிறது. காலின் பகுதியோ, இரண்டு அரைக்கோளங்களுக்கும் நடுவே உள்ள பிளவுக்குள் மடங்கி இறங்குகிறது. இரண்டுக்கும் ரத்தம் தருவது வேறு வேறு குழாய்கள். பக்கவாதத்தில் அதிகமாக அடைபடுவது பக்கவாட்டுக்குப் போகும் நடுத்தமனி. ஆக, பல நோயாளிகளுக்குத் தொடக்கத்திலேயே கையின் பகுதிக்கு அடி அதிகம், காலின் பகுதிக்குக் குறைவு.

ஆனால் இது பாதி விடைதான். மூளையின் ஆழத்தில், கையின் இழைகளும் காலின் இழைகளும் ஒரே கட்டாகச் சேர்ந்து இறங்கும் இடத்தில் அடிபட்டவர்களுக்கும் பெரும்பாலும் கால்தான் முந்துகிறது.

திரு.வி.க. பாலம் மூடினால்

அடையாற்றிலிருந்து மயிலாப்பூருக்குப் போக நேர்வழி திரு.வி.க. பாலம். அது அடைபட்டால் ஊர் நின்றுவிடாது. கோட்டூர்புரம் பாலம் ஏறி, நந்தனம் பக்கம் சுற்றிக்கொண்டு போய்ச் சேரலாம். நேரமாகும், நெரிசலாகும். ஆனாலும் போகலாம்.

மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் வழிகளும் இப்படித்தான். மூளையின் மேற்பரப்பிலிருந்து நேராகத் தண்டுவடத்துக்கு வரும் ஒரு பாதை இருக்கிறது. அதை நேர்ப்பாதை என்று வைத்துக்கொள்வோம். மூளைத்தண்டில் நின்று, இளைப்பாறி இறங்கும் பழைய பாதைகளும் உண்டு. பரிணாமத்தில் மூத்தவை அவைதாம். உடம்பை நிமிர்த்துவது, இடுப்பைத் தாங்குவது, காலை ஊன்றுவது போன்ற வேலைகளைப் பழைய பாதைகள் நன்றாகச் செய்யும். அவை உடம்பின் இருபக்கமும் கிளை விடுவதால் ஒருபக்க மூளை போனாலும் மறுபக்கம் கொஞ்சம் கைகொடுக்கும். நடையின் தாளத்தில் பெரும்பகுதியைத் தண்டுவடத்தின் சொந்தச் சுற்றுகளே கவனித்துக்கொள்ளும்.

விரல்களின் கதை வேறு. நான்கு விரலும் கட்டைவிரலும் தனித்தனியாக அசைய வேண்டுமானால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செய்தி போக வேண்டும். அதைச் சுமப்பது நேர்ப்பாதை மட்டுமே. பழைய பாதைகள் செய்தியைக் கட்டுக் கட்டாகத்தான் கொண்டுவரும். தோளை உயர்த்து என்றால் முழங்கையும் மணிக்கட்டும் விரல்களும் சேர்ந்தே மடங்கும். சித்தப்பா கையைத் தூக்க முயலும்போதெல்லாம் விரல்கள் இன்னும் இறுகியதைப் பார்த்திருக்கிறேன். அவர் பிடிவாதமாக முயற்சி செய்கிறார் என்று நினைத்தோம். கோட்டூர்புரம் வழியாக வந்த கட்டளை அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விறைத்த கால் ஒரு ஊன்றுகோல் போலப் பயன்படும், அதன்மேல் நின்று அடுத்த அடி வைக்கலாம். விறைத்த கையால் எதுவும் செய்ய முடியாது.

மூடத் தெரியும், திறக்கத் தெரியாது

சித்தப்பாவைப் பார்க்க வந்த ஒருவர் மஞ்சள் நிறத்தில் சிரிக்கும் முகம் போட்ட ஸ்பாஞ்சுப் பந்து வாங்கிவந்தார். பக்கவாத வீடுகளில் இந்தப் பந்து இல்லாத வீடு அபூர்வம். “அமுக்கிக்கிட்டே இருங்க, கை வந்துடும்.” சித்தப்பாவும் சொன்னபடி டி.வி. பார்த்துக்கொண்டே அமுக்கினார்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிப் பெண் முதல் நாளே அந்தப் பந்தை எடுத்து அலமாரியில் வைத்தார். “அப்பா, உங்க கைக்கு மூடத் தெரியும். அது மறந்துபோனது திறக்க.”

எனக்கு அந்த வாக்கியம் பல நூல்களைத் திறந்துவிட்டது. பழைய பாதைகள் கையைப் பொறுத்தவரை மடக்கும் தசைகள் பக்கம் சாய்ந்தவை. நேர்ப்பாதையின் கட்டுப்பாடு தளர்ந்ததும் மடக்கும் தசைகள் ஓயாமல் இறுகுகின்றன. மருத்துவர்கள் ஸ்பாஸ்டிசிட்டி என்று சொல்லும் விறைப்பு இது. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் கையை மேலும் இறுக்கப் பழக்குவதில் பயன் குறைவு. பிடி பலவீனமாகத் தளர்ந்து கிடக்கும் கைக்கு அந்தப் பந்து உதவலாம். சுருண்ட கைக்கு வேண்டியது விரித்தல்.

விரிக்க முடிகிறதா என்பது எதிர்காலத்தையே ஓரளவு சொல்லிவிடும். நெதர்லாந்தில் 188 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2010-ல் ஓர் ஆய்வு வெளியானது. பக்கவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் இரண்டு அசைவுகளை மட்டும் பார்த்தார்கள். விரலைக் கொஞ்சமாவது நீட்ட முடிகிறதா, தோளைப் பக்கவாட்டில் கொஞ்சமாவது விரிக்க முடிகிறதா. இரண்டும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் ஓரளவு கைத்திறன் திரும்பும் வாய்ப்பு 98 விழுக்காடு. இரண்டும் முடியாதவர்களுக்கு 25. ஸ்கேன் எந்திரம் தேவைப்படாத சோதனை, இரண்டு நிமிட வேலை. நேர்ப்பாதையில் சில இழைகளாவது பிழைத்திருக்கின்றனவா என்பதைத்தான் விரல் நீட்டல் காட்டிக்கொடுக்கிறது. எல்லாக் கையும் முயன்றால் வரும் என்று சொல்வது பொய்யாகிவிடும். வராத கைக்கு உரியவரை, “முயற்சி போதவில்லை” என்று குற்றம் சொல்வது அதைவிடப் பெரிய கொடுமை.

ஆலமரமும் மூளையும்

இப்போது இரண்டாவது புதிர். செத்த செல் திரும்பாது என்றால் திரும்பி வந்தது எது?

பிரம்மஞான சபைத் தோட்டத்து அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் புயலில் சாய்ந்தது. மரம் இன்னும் இருக்கிறது. விழுதுகள் ஊன்றி, அவையே தண்டுகளாகிச் சுமையை ஏற்றுக்கொண்டன. மூளையிலும் செத்த இடம் மீள்வதில்லை. அதைச் சுற்றிப் பிழைத்திருக்கும் செல்கள் புதிய கிளைகளை நீட்டுகின்றன. உறங்கிக்கிடந்த இணைப்புகள் விழிக்கின்றன. பக்கத்துப் பகுதி தனக்குரியதல்லாத வேலையைக் கற்றுக்கொள்கிறது. இந்த வல்லமையை மூளையின் நெகிழ்திறன் என்போம்.

ஓரிடத்தில் இந்த உவமை உதவாது. விழுது தானாக இறங்கும், மூளையின் புதுக்கிளையோ வேலை கொடுத்த இடத்துக்குத்தான் போகும். அமெரிக்க ஆய்வாளர் ரான்டால்ஃப் நூடோ 1996-ல் இதை அணில் குரங்குகளில் காட்டினார். கைக்குரிய மூளைப் பகுதியில் சிறு சேதத்துக்குப் பிறகு சும்மா விடப்பட்ட குரங்குகளில், சேதமாகாமல் மீந்திருந்த கைப்பகுதியும் சுருங்கிப்போனது. சின்னஞ்சிறு குழிகளிலிருந்து உணவுத் துண்டுகளை விரலால் எடுக்கப் பழக்கிய குரங்குகளில் அந்தப் பகுதி காப்பாற்றப்பட்டது. சிலவற்றில் பக்கத்து இடத்துக்குள்ளும் பரவியது. கையை அசைக்காமல் வைத்திருப்பது ஓய்வு என்றே நாம் எண்ணுகிறோம். மூளையோ அதற்குள் அந்தக் கையின் இடத்தை வேறு வேலைக்கு விட்டுவிடத் தொடங்கியிருக்கும்.

கைவிட்ட பழக்கம்

கால் முந்துவதற்கு எளிமையான இன்னொரு காரணம் உண்டு. பாத்ரூம் போக இரண்டு காலும் வேண்டும். ஒரு காலால் வேலை நடக்காது. கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, மறுகை இருக்கிறது.

எட்வர்ட் டாப் என்ற உளவியல் ஆய்வாளர் குரங்குகளின் ஒரு கையிலிருந்து மூளைக்குப் போகும் உணர்வு நரம்புகளைத் துண்டித்தார். அசைக்கும் நரம்புகளை விட்டுவைத்தார். அசைக்க முடிந்தும் குரங்குகள் அந்தக் கையைப் பயன்படுத்தவில்லை. நல்ல கையைக் கட்டிவைத்ததும் பயன்படுத்தின. முதல் நாட்களில் முயன்று முயன்று தோற்றதால், அந்தக் கை உதவாது என்று மூளை கற்றுக்கொண்டுவிட்டது. இதைக் கைவிட்ட பழக்கம் என்று சொல்லலாம். (1981-ல் டாபின் ஆய்வுக்கூடத்து விலங்குகளின் நிலை வெளியே தெரிந்து நீதிமன்றம் வரை போனது. இந்த அறிவுக்காக அந்த உயிர்கள் பட்ட வேதனையைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை.)

அதிலிருந்து மனிதர்களுக்கான ஒரு சிகிச்சை பிறந்தது. நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பாதித்த கைக்கே வேலை கொடுப்பது. 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேர் பங்கெடுத்தார்கள். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உறை, கூடவே தினமும் பல மணி நேரப் பயிற்சி. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். ஓர் ஆண்டு கழித்தும் அந்தப் பலன் நின்றது. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நீட்ட முடிந்தவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். நடக்கும்போது நல்ல கையைக் கட்டக் கூடாது, தடுமாறினால் பிடிக்க அது வேண்டும்.

நம் வீடுகளில் இந்தப் பழக்கத்தை வளர்ப்பது அன்புதான். சட்டையை நாமே போட்டுவிடுகிறோம், ஊட்டிவிடுகிறோம், தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோகிறோம். அந்தக் கைக்கு முயல ஒரு சந்தர்ப்பமும் கிடைப்பதில்லை. எண்ணெய் தேய்த்து நீவுவது தோலுக்கும் மூட்டுக்கும் நல்லது, மனசுக்கும் இதம். ஆனால் நீவப்படும் கை வேலை செய்யவில்லை. மூளைக்குப் பாடம் சொல்வது சொந்த முயற்சி மட்டுமே.

ஒரு டம்ளரின் கணக்கு

சித்தப்பாவுக்கு அந்தப் பிசியோ பெண் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. எவர்சில்வர் டம்ளர். முதலில் காலி டம்ளர், பிறகு கால் பங்கு தண்ணீர். அதை எடுத்து, நகர்த்தி, வைக்க வேண்டும்.

நமக்கு இது ஒரு செயல். பாதித்த மூளைக்கு ஏழெட்டு. உடம்பை முன்னால் சாய்க்காமல் தோளிலிருந்து கையை நீட்ட வேண்டும். நீட்டும்போதே, டம்ளரின் அகலத்தைவிடச் சற்றே அதிகமாக விரல்கள் விரிய வேண்டும். உள்ளங்கைக்குள் புதைந்திருக்கும் கட்டைவிரல் வெளியே வர வேண்டும். மணிக்கட்டு தொங்காமல் நிமிர வேண்டும். பிறகு பிடி. அது சுலபம். தூக்கும்போது முழங்கை மடங்கலாம், விரல்கள் நசுக்கக் கூடாது. கடைசியில், எல்லாவற்றிலும் கடினமானது, விடுவது. டம்ளரைத் தட்டின்மேல் வைத்த பிறகு விரல்கள் அதைவிட்டு வர மறுத்தன. சித்தப்பா இடக்கையால் ஒவ்வொரு விரலாகப் பிரிப்பார். ஒரு தடவை முடிக்க இரண்டு நிமிடம் ஆனது.

இப்படி எத்தனை தடவை செய்தால் மூளைக்குப் பாடம் ஏறும்? விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளில் பல நூறு தடவை. மனிதர்களுக்கு? அமெரிக்காவில் கேத்தரின் லாங்கும் அவர் குழுவும் சிகிச்சைக் கூடங்களில் அமர்ந்து எண்ணினார்கள். 2009-ல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, கைப்பயிற்சி நடந்த ஓர் அமர்வில் பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32. ஒரு மணி நேரத்தில் 300-க்கு மேல் செய்ய நோயாளிகளால் முடியும் என்பதையும் அடுத்த ஆண்டு அவர்களே காட்டினார்கள்.

அப்படியானால் எண்ணிக்கையைக் கூட்டினால் போதுமே? அதையும் லாங்கே சோதித்தார். பக்கவாதம் வந்து பல மாதம் கடந்த 85 பேருக்கு, மொத்தம் 3,200 தடவை, 6,400 தடவை, 9,600 தடவை என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். 2016-ல் வந்த முடிவு: அதிகம் செய்தவர்கள் அதிகம் முன்னேறவில்லை. தன் கருதுகோளைத் தானே சோதித்து, அது நிற்கவில்லை என்று அச்சிட்டவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

எண்ணிக்கை மட்டும் மருந்தல்ல என்றால் வேறென்ன வேண்டும்? ஒன்று, காலம். 2021-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 72 பேருக்கு, வழக்கமான சிகிச்சைக்கு மேல் 20 மணி நேரக் கைப்பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு முதல் மாதத்திலேயே, சிலருக்கு இரண்டு மூன்று மாதமானபோது, சிலருக்கு ஆறு மாதம் கழித்து. அதிகப் பலன் கிடைத்தது இரண்டு மூன்று மாதமானவர்களுக்கு. முதல் மாதத்தில் பெற்றவர்களுக்குக் கொஞ்சம். ஆறு மாதம் கடந்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அவசரப்படுவதும் உதவாது. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடத்திப் பார்த்த ஒரு பன்னாட்டு ஆய்வில் (2015, 2,104 பேர்) நல்ல நிலைக்குத் திரும்பியவர்கள் 46 விழுக்காடு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50.

ஆறு மாதத்தோடு கதவு சாத்திவிடும் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. லண்டனில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் தீவிரக் கைப்பயிற்சி கொடுக்கும் ஒரு மையம், 224 பேரின் முடிவுகளை 2019-ல் வெளியிட்டது. பாதிப் பேருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது. அவர்களும் முன்னேறினார்கள். கதவு சாத்துவதில்லை, கனமாகிறது.

நம் ஊரில் அந்த இரண்டாம் மூன்றாம் மாதம் எப்படிப் போகிறது? மருத்துவமனைப் பில் கட்டிக் கை ஓய்ந்திருக்கும். மகனோ மகளோ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். பிசியோ வாரம் ஆறு நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைந்திருப்பார். மூளை கற்கத் தயாராக இருக்கும் வாரங்களில்தான் அதற்குப் பாடம் எடுப்பவர் குறைந்துபோகிறார்.

சர்தார் படேல் சாலையில் ஒரு பெட்டி

இந்த இடைவெளியைத்தான் அடையாற்றில் சிலர் குறிவைத்தார்கள். சர்தார் படேல் சாலையில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்துக்குள், இயந்திரப் பொறியியல் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் டி.டி.கே. மறுவாழ்வு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆர்-டூ-டி-டூ என்று சுருக்கிச் சொல்வார்கள். உட்கார்ந்திருப்பவரை எழுந்து நிற்கவைக்கும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலி 2019-ல் இங்கிருந்துதான் வெளிவந்தது. கைக்காக இவர்கள் வேலூர் சி.எம்.சி. உயிரிப் பொறியியல் துறையின் சிவகுமார் பாலசுப்பிரமணியனோடு சேர்ந்து உருவாக்கியது ‘புளூட்டோ’.

கைப்பயிற்சி ரோபோக்கள் உலகில் புதிதல்ல. அவை பெரியவை, விலை உயர்ந்தவை, பெரிய மருத்துவமனையில் மட்டும் இருப்பவை. விரலுக்கு ஒரு மோட்டார், மணிக்கட்டுக்கு ஒரு மோட்டார் என்று சேர்க்கச் சேர்க்க விலை ஏறும். புளூட்டோவில் மோட்டார் ஒன்றுதான். அதன்மேல் கைப்பிடிகளை மாற்றி மாற்றி மாட்டலாம். ஒன்று மணிக்கட்டை மேலும் கீழும் அசைக்க, ஒன்று பக்கவாட்டில் அசைக்க, ஒன்று முன்கையைப் புரட்ட, ஒன்று விரல்களைத் திறந்து மூட. நம் வீட்டு மிக்சி நினைவுக்கு வருகிறது: அடியில் ஒரே மோட்டார், மேலே சட்னிக்கு ஒரு ஜார், மாவுக்கு ஒரு ஜார். 2021-ல் இதன் வடிவமைப்பும் முதற்கட்டச் சோதனையும் ஆய்விதழில் வெளிவந்தன.

நோயாளி திரையில் ஒரு விளையாட்டைப் பார்க்கிறார். கையைத் திறந்தால் திரையில் ஒன்று நகரும். அவர் முயலும் வரை எந்திரம் காத்திருக்கிறது. முயன்றும் எட்டவில்லை என்றால் மிச்சத்துக்கு மட்டும் மோட்டார் உதவுகிறது. நாளுக்கு நாள் எவ்வளவு திறந்தது என்பதை அளந்து வைத்துக்கொள்கிறது. எந்திரமே முழுக்கத் திறந்துவிட்டால் அது நீவலைப் போலத்தான், மூளை தூங்கிவிடும். கொஞ்சமும் உதவாவிட்டால் நோயாளி சோர்ந்து கையைக் கைவிடுவார். இரண்டுக்கும் நடுவே, முடிந்தும் முடியாத அந்த விளிம்பில் நிறுத்தி வைப்பதுதான் நல்ல பிசியோவின் கலை. அதில் ஒரு சிறு பங்கை இந்தப் பெட்டி கற்றிருக்கிறது.

எல்லாவற்றையும் ரோபோ சரிசெய்துவிடும் என்ற பேச்சை நான் நம்பவில்லை. பிரிட்டனில் 770 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், ரோபோப் பயிற்சி பெற்றவர்களின் கை வழக்கமான கவனிப்பைவிட மேம்படவில்லை. நல்ல பிசியோ பக்கத்தில் இருக்கும் இடத்தில் எந்திரத்தால் அதிக லாபம் இல்லை. பிசியோ வராத நாட்கள் வீணாகாமல் இருக்க எளிய, சிறிய எந்திரம் ஒன்று வேண்டும். புளூட்டோவின் மதிப்பை நான் அங்கேதான் பார்க்கிறேன்.

வேலூருக்கும் கைக்கும் உள்ள உறவு பழையது. தொழுநோயால் நரம்பு செத்து மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து பால் பிராண்ட் அங்கேதான் நிமிர்த்தினார். அவரிடம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அறுவை முடிந்த பிறகுதான் பாதி வேலை தொடங்குகிறது என்பதைத் தன் உடம்பாலேயே அறிந்திருந்தவர் அவர். விரலை மடக்கிக்கொண்டிருந்த தசையை இடம் மாற்றித் தைத்தால், இனி அதன் வேலை வேறு என்பதை மூளைக்கு யாராவது கற்றுக்கொடுக்க வேண்டுமே.

வீட்டால் எவ்வளவு முடியும்?

பிசியோ போதவில்லை என்றால் குடும்பத்தையே பழக்கிவிடலாமே? எனக்கும் இது மிக இயல்பான யோசனையாகத்தான் பட்டது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேரின் குடும்பத்தாருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டிலும் இரண்டு மாதம் வரை தொடரவைத்தார்கள். 2017-ல் வந்த முடிவு மனதைக் கனக்கச் செய்தது. ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறர் தயவில் வாழ்பவர்களும் சேர்ந்து இந்தப் பக்கம் 47 விழுக்காடு, அந்தப் பக்கமும் 47 விழுக்காடு.

குடும்பத்தின் அன்பு வீண் என்று இதற்குப் பொருளல்ல. பயிற்றுவிப்பது ஒரு தொழில், அதைக் களைத்துப்போன மனைவியின் தலையில் ஏற்றிவிட்டு நாடு விலகிக்கொள்ள முடியாது என்றே இதை நான் படிக்கிறேன். அந்த வகையில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறைச் சிகிச்சையாளரையும் வீட்டுக்கே அனுப்புவது சரியான திசை. வாசல் தேடி வருபவர் எந்த மாதத்தில் வருகிறார், எத்தனை நாள் வருகிறார் என்பதில்தான் இனி எல்லாம் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன். விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். தசை தளர்ந்த தோள்மூட்டு எளிதில் நழுவும், அந்த வலி வந்தால் பயிற்சியே நின்றுபோகும். படுக்கையிலும் நாற்காலியிலும் அந்தக் கைக்குக் கீழே தலையணை இருக்கட்டும். ஒரு கண்ணாடியும் உதவும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், இழந்த கையில் வலி இருப்பதாக உணர்ந்தவர்களுக்காக 1990-களில் ஒரு கண்ணாடிப் பெட்டியைச் செய்தார். இரண்டு கைக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி நல்ல கையை அசைத்தால், பிம்பத்தில் இல்லாத கை அசைவதாகக் கண் நம்பும். 1999-ல் ஒன்பது பக்கவாத நோயாளிகளிடம் அதைப் பரிசோதித்தார்கள். 2018-ல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கை அசைவுக்கு அது ஓரளவு உதவுகிறது என்று சொன்னார்கள். சிகிச்சையாளர் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் வீட்டிலேயே தொடரலாம்.

இதற்கெல்லாம் பிறகும் வராத கைகள் இருக்கும். 1985-ல் பூனம் நடராஜன் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்று ஆற்றோரம் கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்ற பெயரில் இருக்கிறது. பேச வராத குழந்தை படப் பலகையைக் கண்ணாலோ விரலாலோ காட்டிப் பேசலாம் என்பது அங்கே அன்றாடம். உடம்பு சரியாகும் வரை வாழ்க்கையை நிறுத்திவைக்க அவர்கள் ஒப்பவில்லை. சித்தப்பா தட்டைத் தள்ளிவைத்த நாட்களில், இடக்கையால் சாப்பிடுவதில் தவறில்லை என்று யாராவது அவரிடம் முன்பே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

சித்தி ஒரு கணக்கு வைத்திருந்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், பால் பாக்கெட் கணக்குப் போலக் கோடு கோடாக. டம்ளரை எடுத்தது எத்தனை, வைத்தது எத்தனை என்று இரண்டு வரிசை. எடுத்த வரிசை மூன்றாம் மாதத் தொடக்கத்தில் நாற்பதைத் தாண்டியது. வைத்த வரிசையில், இடக்கை துணையின்றித் தானாக விட்டது மட்டும்தான் கணக்கு என்று சித்தப்பாவே விதி போட்டிருந்தார். பல நாள் அந்த இடம் காலியாக இருந்தது. எழுபத்தெட்டாம் நாள் தாளை எனக்குக் காட்டினார்கள். அந்த வரிசையில் நான்கு கோடுகள். நான்காவது கொஞ்சம் கோணலாக இருந்தது. அதைப் போட்டது சித்தியல்ல.